செங்கற் சுவரும் நால்வரும்

உலகத்தில் கட்டுப்பாடு மிகுந்த கலை எது என்று யாராவது கேட்டால், மாற்றிசை இதழ்களின் அட்டையைத்தான் சொல்வேன். பெரிய கம்பெனிகளுக்கும் வானொலிப் பட்டியல்களுக்கும் தலைவணங்க மாட்டோம் என்று கிளம்பிய ராக் இசையைப் பிரிட்டனில் ‘இண்டி’ என்றும் அமெரிக்காவில் ‘ஆல்டர்நேட்டிவ்’ என்றும் அழைத்தார்கள். எந்த விதிக்கும் அடங்காத இசை என்று அதற்குப் பெயர். அந்த இசையை வாராவாரமும் மாதாமாதமும் கடைக்குக் கொண்டுவந்த என்எம்இ, மெலடி மேக்கர், சவுண்ட்ஸ், செலக்ட், கியூ போன்ற இதழ்களின் அட்டைகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால், விதி மீறிய ஓர் அட்டையைக் கண்டுபிடிப்பது கடினம். அடங்காமையை இவ்வளவு அடக்கமாக யாரும் பரிமாறியதில்லை. பாட்டைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். இந்த ஒழுங்கைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. அந்த இசையோடு வளர்ந்த என் போன்றவர்கள் இந்த நன்றிக்கடனைத் தீர்க்க வேண்டும்.

முதல் பாராட்டு நால்வருக்கு. இரண்டு கிட்டார், ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ் என்று நான்கு இளைஞர்கள். பின்னால் செங்கற் சுவர். அது கிடைக்காவிட்டால் ரயில் பாலத்தின் அடிப்பகுதி அல்லது மூடிய தொழிற்சாலையின் கதவு. பாடகர் மற்றவர்களைவிட ஓரடி முன்னால் நிற்பார். கிட்டார் வாசிப்பவர் அவருடைய தோளுக்குப் பின்னால், முகத்தைக் கொஞ்சம் திருப்பியபடி. பேஸ் வாசிப்பவர் தரையைப் பார்ப்பார். டிரம்மர் கடைசியில், சற்றே மங்கலாக. சிவன் கோயில் பிரகாரத்தில் நால்வரைக் கும்பிட்டவர்களுக்கு இந்த நிம்மதி புரியும். உழவாரம் இருந்தால் அப்பர், கையில் தாளத்தோடு பிள்ளையாக நின்றால் சம்பந்தர், மாப்பிள்ளைக் கோலம் என்றால் சுந்தரர், ஏடு வைத்திருந்தால் மாணிக்கவாசகர். எந்த ஊர்க் கோயிலிலும் பெயர்ப்பலகை தேவைப்படாது. மாற்றிசை அட்டையும் அந்த நிலையை எட்டியது. ஒரு பாட்டுக்கூடக் கேட்காமல், பாட்டு எழுதுகிறவர் யார், பேட்டி கொடுக்கப்போகிறவர் யார், சண்டை வந்தால் முதலில் வெளியே போகிறவர் யார் என்று அட்டையைப் பார்த்தே சொல்லிவிடலாம். நம் நால்வருக்கு அந்த இலக்கணம் அமையப் பல நூற்றாண்டு பிடித்தது. இசை இதழ்களின் லேஅவுட் மேஜைக்குப் பத்துப் பதினைந்து ஆண்டு போதுமாயிருந்தது.

டிரம்மரின் பெருந்தன்மையைத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த இசையில் பாதி அவர் கையில் இருக்கிறது. அவர் ஒரு நொடி பிந்தினால் பாடகர் அந்தரத்தில் நிற்பார். அப்படிப்பட்டவர், தன் முகம் மங்கலாக அச்சாகும் என்று தெரிந்தே, ஒவ்வொரு படப்பிடிப்புக்கும் நேரத்தோடு வந்து பின்வரிசையில் நின்றிருக்கிறார். ஆண்டுக்கணக்கில் நின்றிருக்கிறார். முகம் தெரியாமலே ஒரு வாசகனின் இளமை முழுவதையும் தாளம் போட்டு நடத்திக்கொண்டு போனவர்கள் அவர்கள்.

சிரிக்காமல் இருந்ததும் சாதாரண விஷயமல்ல. 1978இல் தொடங்கிய ஸ்மாஷ் ஹிட்ஸ் இதழின் அட்டையில் பாப் பாடகர்கள் பளீரென்ற வண்ணத்தில் பல் தெரியச் சிரித்தார்கள். அதனால் சிரிப்பு அந்தப் பக்கத்தின் சொத்தாகிவிட்டது. சிரித்தால் விற்பனைக்கு வந்தவன், முறைத்தால் உண்மையானவன் என்று இரு தரப்பும் எழுதாத ஒப்பந்தம் செய்துகொண்டன. அந்த அட்டையில் நிற்கும் பையனுக்குப் பத்தொன்பது, இருபது வயதிருக்கும். சின்ன வயதில் காசு சேர்த்து வாங்கிப் படித்த இதழ், இன்று அவனை அட்டைக்கு அழைத்திருக்கிறது. அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டிய நாள். அந்த நாளில் மூன்று மணி நேரம் சுவரில் சாய்ந்து, உலகம் அழிந்துபோன துக்கத்தை முகத்தில் வைத்திருந்தான். இந்த வைராக்கியத்தைத் தவம் என்றே சொல்லலாம். இப்படித் தவம் செய்தவர்கள் நூற்றுக்கணக்கானோர். அத்தனை பேரின் துக்கமும் ஒரே அளவில், ஒரே கோணத்தில் இருக்கும்படி பார்த்துக்கொண்ட புகைப்படக்காரர்களையும் வடிவமைப்பாளர்களையும் வணங்குகிறேன்.

இந்தத் துக்கத்துக்கு ஒரு மூலம் உண்டு, அது மெய்யானது. 1979 ஜனவரி 6ஆம் தேதி கெவின் கம்மின்ஸ் என்ற புகைப்படக்காரர் ஜாய் டிவிஷன் குழுவை மான்செஸ்டரின் ஹுல்ம் பகுதியில் இருந்த எப்பிங் வாக் பாலத்துக்கு அழைத்துப் போனார். பனி கொட்டிக் கிடந்தது. பாலத்தின் மேல் நான்கு சிறிய உருவங்கள், சுற்றிலும் வெள்ளை, பின்னால் கான்கிரீட். கறுப்பு வெள்ளையில் எடுத்தார், ஏனென்றால் என்எம்இ கறுப்பு வெள்ளையில் நியூஸ்பிரின்ட்டில் அச்சாகும். கலர் ஃபிலிமுக்குக் காசும் இல்லை. அவர்கள் சிரிக்காததற்குக் குளிரே போதுமான காரணம். அந்த மாதமே பாடகர் இயன் கர்ட்டிஸ் நீண்ட கோட்டும் கையில் சிகரெட்டுமாக என்எம்இ அட்டையில் வந்தார். தொழிற்சாலைகள் மூடிக்கொண்டிருந்த ஊர், வேலையில்லாத் திண்டாட்டம், தாங்க முடியாத குளிர்காலம், மலிவான தாள், மலிவான மை எல்லாம் சேர்ந்து அந்தப் படத்தைச் செய்தன. பின்னால் வந்தவர்களின் விசுவாசம் அங்கேதான் தொடங்குகிறது. தொழிற்சாலையே பார்க்காத ஊரிலிருந்து வந்த குழுக்கள், நல்ல வெயில் காலத்தில், கலர் ஃபிலிம் மலிந்துவிட்ட நாளில், அதே கோட்டை மாட்டிக்கொண்டு அதே குளிரில் நடுங்கினார்கள். மான்செஸ்டரின் ஒரு ஜனவரி மாதத்தை எத்தனையோ ஊர்களின் எத்தனையோ ஜூன் மாதங்களுக்குக் கொண்டுசேர்த்த உழைப்பு அது.

அதே ஆண்டு நவம்பரில், ஹாலந்திலிருந்து லண்டனுக்கு அப்போதுதான் குடிவந்திருந்த ஆன்டன் கோர்பைன், அதே குழுவை லங்காஸ்டர் கேட் சுரங்க ரயில் நிலையத்தில் படமெடுத்தார். நால்வரும் முதுகைக் காட்டி நடந்து போகிறார்கள். கர்ட்டிஸ் மட்டும் திரும்பிப் பார்க்கிறார். பத்திரிகைகள் அந்தப் படத்தை விரும்பவில்லை. முகம் தெரியவில்லை என்பதே குறை. அது நியாயமான குறைதான். முகம் தெரியாத அட்டையை யார் வாங்குவார்கள்? 1980 மே 18ஆம் தேதி கர்ட்டிஸ் தற்கொலை செய்துகொண்டார். வயது 23. அதன் பிறகு அந்தப் படத்தில் இருந்த குறை நீங்கிவிட்டது. என்எம்இ அதையே அட்டையில் போட்டது. புகைப்படத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. ஒரு படத்தின் அழகைப் புரிந்துகொள்ள ஆசிரியர்களுக்கு வேண்டியிருந்தது என்ன என்பதைக் கர்ட்டிஸின் குடும்பம் அறிந்திருக்கும். தாமதமாக வந்தாலும் அந்தப் புரிதல் முழுமையாக வந்தது. இன்றைக்கு அந்தப் படத்தைத் தெரியாத மாற்றிசை ரசிகர் இல்லை.

ஏழ்மையைக் கைவிடாத பண்பு அடுத்தது. 1976 ஜூலையில் மார்க் பெர்ரி என்ற வங்கி எழுத்தர் லண்டனில் ஸ்னிஃபின் குளூ என்ற இதழைத் தொடங்கினார். பங்க் இசைக்குப் பிரிட்டனில் முதன்முதலாகக் கிளம்பிய இதழ்களில் ஒன்று. சிறுவர் தட்டச்சுப் பொறியில் அடித்து, தலைப்பை ஸ்கெட்ச் பேனாவில் கையால் எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, மூலையில் பின் அடித்தார். முதல் இதழ் 50 பிரதி. எழுத்துகள் கோணலாக இருந்தன, ஏனென்றால் அவருக்கு நேராக எழுத நேரமில்லை. படங்கள் கரியாக இருந்தன, ஏனென்றால் ஜெராக்ஸ் அப்படித்தான் தரும். அதே காலத்தில் ஜேமி ரீட் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவுக்காக, கடத்தல்காரர்களின் மிரட்டல் கடிதம்போலச் செய்தித்தாளிலிருந்து எழுத்து எழுத்தாக வெட்டி ஒட்டினார். லெட்ராசெட் எழுத்துத் தாள் வாங்கக் காசில்லாமல் பழகிய கை அது. பெர்ரி பன்னிரண்டு இதழோடு கடையை மூடிவிட்டார். விற்பனை பல்லாயிரமாக ஏறியிருந்த நேரத்தில் மூடினார். நீங்களே ஆளுக்கொரு இதழ் தொடங்குங்கள் என்று வாசகர்களிடம் சொன்னார்.

பெரிய இதழ்கள் இந்த ஏழ்மையைத் தத்தெடுத்து, பெற்றவர்களைவிட நன்றாக வளர்த்தன. கிழிந்த காகித ஓரம், செல்லோடேப் ஒட்டிய தடம், ஜெராக்ஸ் புள்ளி, அச்சுக்கட்டையின் மைக்கறை, கோணல் கையெழுத்து எல்லாம் அட்டைக்கு வந்தன. 1991இல் எரிக் வான் பிளாக்லண்ட் ‘ட்ரிக்சி’ என்ற எழுத்துருவை வெளியிட்டார். பழைய தட்டச்சுப் பொறியின் அழுக்கும் தேய்மானமும் அப்படியே கணினிக்கு வந்துவிட்டன. இனிமேல் அழுக்காக எழுதுவதற்கு அழுக்குப்பட வேண்டியதில்லை. 1998 மார்ச்சில் என்எம்இ நியூஸ்பிரின்ட்டை விட்டு நல்ல தாளுக்கு மாறியது. தாள் மாறினாலும் கிழிசல் மாறவில்லை. வழவழப்பான தாளில், நேர்த்தியான நான்கு வண்ண அச்சில், ஒவ்வொரு நாரும் தெளிவாகத் தெரியும்படி கிழித்தார்கள். வசதி வந்ததும் பழசை மறப்பவர்கள் நிறைந்த உலகில், வசதி வந்த பிறகும் அடுத்தவரின் வறுமையை இவ்வளவு பத்திரமாகப் பாதுகாத்தவர்கள் வேறு யார்?

கலிபோர்னியாவில் இந்தப் பற்று இன்னும் ஆழமாகப் போனது. 1992இல் மார்வின் ஸ்காட் ஜாரெட் தொடங்கிய ரே கன் இதழுக்கு டேவிட் கார்சன் கலை இயக்குநர். அதற்கு முன் சமூகவியல் கற்பித்தவர். அலைச்சறுக்குப் போட்டிகளில் கலந்துகொண்டவர். அவருடைய அட்டைகளில் பாடகரின் முகம் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டிருக்கும், எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும், இதழின் பெயரே ஒவ்வொரு மாதமும் உருமாறும். 1994இல் பாடகர் பிரையன் ஃபெர்ரியின் பேட்டி வந்தது. கார்சனுக்கு அது சலிப்பூட்டியது. முழுப் பேட்டியையும் ‘ஜாப்ஃப் டிங்பேட்ஸ்’ என்ற எழுத்துருவில் கோர்த்தார். அந்த எழுத்துருவில் எழுத்தே கிடையாது. நட்சத்திரம், கத்தரிக்கோல், அம்புக்குறி போன்ற சின்னங்கள் மட்டும். வாசிக்கக்கூடிய வடிவம் இதழின் கடைசியில் இருந்தது. எழுத்தாளர் பாடகரோடு உட்கார்ந்து பேசி, எழுதி, திருத்தி அனுப்பிய ஒன்றை, வாசகர் நேரத்தை வீணாக்கக்கூடாது என்று அலங்காரமாக மாற்றித் தந்த அக்கறை வேறு எந்த இதழிலும் வாய்க்காது. அட்டையின் அதிகாரம் உள்பக்கங்களின் மேலும் பரவிவிட்டதற்கு இது சான்று. கார்சன் 1995இல் இதழைவிட்டு விலகித் தனி ஸ்டூடியோ வைத்தார். பெப்சி, நைக்கி, லீவைஸ் போன்ற நிறுவனங்கள் அவரைத் தேடி வந்தன. யாருக்கும் புரியக்கூடாது என்று செய்த எழுத்து, குளிர்பானம் விற்பவர்களுக்கு உடனே புரிந்துவிட்டது. கலைக்கும் வணிகத்துக்கும் இடையே பாலம் போட எத்தனையோ பேர் ஆயுள் முழுக்க முயன்றிருக்கிறார்கள். ரே கன்னுக்கு மூன்றே ஆண்டு போதுமாயிருந்தது.

சகிப்புத்தன்மை என்றால் ரோலிங் ஸ்டோன். 1992 ஏப்ரல் 16 இதழின் அட்டைக்காக நிர்வானா குழுவை மார்க் செலிகர் படமெடுத்தார். பாடகர் கர்ட் கோபேன் ஒரு டி-சர்ட் போட்டுக்கொண்டு வந்தார். கார்ப்பரேட் பத்திரிகைகள் இன்னமும் கேவலமாகத்தான் இருக்கின்றன என்பது அதில் எழுதியிருந்த வாசகத்தின் பொருள். எஸ்எஸ்டி என்ற சிறிய இசைத்தட்டு நிறுவனம் கார்ப்பரேட் ராக்கைப் பற்றி வைத்திருந்த கோஷத்தைக் கொஞ்சம் மாற்றி எழுதியது. சின்ன மனம் படைத்த ஆசிரியராக இருந்தால் சட்டையை மாற்றச் சொல்லியிருப்பார், அல்லது படத்தை மார்புக்கு மேலே வெட்டியிருப்பார். ரோலிங் ஸ்டோன் வெட்டவில்லை. வாசகம் தெளிவாகத் தெரியும்படி அச்சிட்டு, விலை போட்டு, நாடு முழுக்க விற்றது. அந்த இதழின் புகழ்பெற்ற அட்டைகளில் அதுவும் ஒன்றாக இன்றுவரை எண்ணப்படுகிறது. முகத்தில் துப்பியவரை அணைத்துக்கொள்ளும் பெருமனம் ஞானிகளுக்கு வாய்க்கும். துப்பியதையும் சேர்த்துப் பிரதி எடுத்து விற்கும் திறன் ஒரு நிறுவனத்துக்குத்தான் வாய்க்கும். கோபேன் தன்னிடம் இருந்த ஒரே எதிர்ப்பை அந்தச் சட்டையில் எழுதிக்கொண்டு வந்தார். படப்பிடிப்பு முடிந்து அவர் போனபோது அந்த எதிர்ப்பு அட்டையின் வடிவமைப்பில் ஓர் அம்சமாக ஆகியிருந்தது.

இரண்டே ஆண்டில், 1994 ஏப்ரலில், அவர் இறந்தார். வயது 27. ஜூன் 2 இதழின் அட்டையிலும் செலிகர் எடுத்த அவர் முகம். இந்த முறை வேறு வாசகம் ஏதும் இல்லை. பெயர், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, அவ்வளவுதான். உயிரோடு இருப்பவரின் முகத்தைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு அறிவிப்புகளை ஒட்டும் கை, இறந்தவருக்காக அத்தனையையும் அகற்றியது. ஓர் இசைக்கலைஞரின் முகத்தை எந்த இடையூறும் இல்லாமல் பார்க்க வாசகருக்கு உரிமை உண்டு என்பதை அந்த அட்டை ஒப்புக்கொண்டது. அதற்கான நிபந்தனையும் அதிலேயே அச்சாகியிருந்தது.

தீர்க்கதரிசனத்தைச் சொல்லாமல் விட முடியாது. 1992 ஏப்ரல் 25 மெலடி மேக்கர் அட்டையில் ஸ்வேட் குழு. பிரிட்டனின் தலைசிறந்த புதிய குழு இதுவே என்று தலைப்பு. அவர்களுடைய முதல் இசைத்தட்டு வெளிவந்தது அடுத்த மாதம்தான். பாட்டு வருவதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிட்டதால் வாசகருக்குக் கேட்டுப் பார்த்து முடிவு செய்யும் சிரமம் இல்லை. தலைமுடியும் கன்ன எலும்பும் எதிர்காலத்தைச் சொல்லப் போதுமானவை என்று அந்த இதழ் நிரூபித்தது. ஸ்வேட் நல்ல குழுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த நம்பிக்கையில் அதற்குப் பிறகு எத்தனையோ குழுக்களுக்கு இதே பட்டத்தை இதழ்கள் மாறி மாறித் தந்தன. பட்டம் பெற்றவர்களில் பலரை அடுத்த ஆண்டு தேட வேண்டியிருந்தது. கொடுத்த கை மட்டும் சளைக்கவே இல்லை.

கொடி விஷயத்தில் அட்டைகள் காட்டிய நெகிழ்ச்சியும் பாடம்தான். 1992 ஆகஸ்டில் லண்டன் ஃபின்ஸ்பரி பார்க் மேடையில் பாடகர் மோரிசி பிரிட்டனின் யூனியன் ஜாக் கொடியை ஆட்டினார். இனவெறிக் கும்பல்கள் அந்தக் கொடியைத் தமதென்று தூக்கித் திரிந்த காலம். என்எம்இ அட்டையில் அவர் படத்தைப் போட்டு, இது கொடியேற்றமா, நெருப்போடு விளையாட்டா என்ற பொருளில் கேட்டது. எட்டு மாதம் கழித்து, 1993 ஏப்ரலில், செலக்ட் இதழ் ஸ்வேட் பாடகர் பிரெட் ஆண்டர்சனின் படத்துக்குப் பின்னால் அதே கொடியை ஒட்டி, அமெரிக்கர்களே ஊருக்குப் போங்கள் என்று தலைப்பிட்டது. அவர் கொடியோடு போஸ் கொடுக்கவில்லை. மேஜையில் வெட்டி ஒட்டியது. 1995 ஆகஸ்ட் 12இல் என்எம்இ, ப்ளர், ஒயாசிஸ் இரு குழுக்களையும் குத்துச்சண்டைச் சுவரொட்டியின் பாணியில் எதிரெதிரே நிறுத்தியது. இரண்டும் ஒரே நாளில் சிங்கிள் வெளியிட்டன. ப்ளர் 2,74,000, ஒயாசிஸ் 2,16,000. பாட்டுக்குள் இல்லாத போட்டியை அட்டை கண்டுபிடித்துக் கொடுத்ததால் மாலைச் செய்தி வரை அது பரவியது. 1997 மார்ச்சில் அமெரிக்காவின் வேனிட்டி ஃபேர் அட்டையில் ஒயாசிஸ் பாடகர் லியாம் கேலகரும் நடிகை பாட்ஸி கென்சிட்டும் யூனியன் ஜாக் விரித்த படுக்கையில் படுத்திருந்தார்கள். ஐந்து ஆண்டுக்குள் ஒரு கொடி பயத்திலிருந்து படுக்கை விரிப்பாக மாறியது. அரசியல்வாதிகளால் முடியாத வேலை. எழுதி, விவாதித்து, கூட்டம் போட்டு எத்தனையோ பேர் அந்தக் கொடி யாருடையது என்ற கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, லேஅவுட் மேஜை அதை ஓர் அலங்காரத் துணியாக்கி எல்லோருடைய பாரத்தையும் இறக்கி வைத்தது.

பெண்களிடம் காட்டிய மரியாதையும் அளந்து காட்டியதுதான். 1994 மே மாதம் கியூ இதழ் பிஜே ஹார்வி, பியர்க், டோரி ஏமாஸ் மூவரையும் ஒரே அட்டையில் உட்கார வைத்தது. அதற்குள் ஹார்வி இரண்டு ஸ்டூடியோ ஆல்பம் வெளியிட்டிருந்தார். ஏமாஸும் இரண்டு. பியர்க்கின் ‘டெப்யூ’ முந்தைய ஆண்டின் சிறந்த ஆல்பமாக என்எம்இ பட்டியலில் முதலிடம் பெற்றிருந்தது. மூவரும் தங்கள் பாட்டைத் தாங்களே எழுதுகிறவர்கள். ஒருவர் பாட்டு இன்னொருவர் பாட்டைப்போல இருக்காது. தலைப்பு நான்கு சொல்: இடுப்பு, உதடு, மார்பு, வலிமை. நான்கில் ஒரு சொல்லை இசைக்கு மிக அருகில் கொண்டுவந்துவிட்டார்கள். ரோலிங் ஸ்டோன் இன்னும் தாராளம். தன் முப்பதாவது ஆண்டைக் கொண்டாட 1997 நவம்பரில் ராக் இசைப் பெண்களுக்கென்றே ஒரு சிறப்பிதழ் ஒதுக்கியது. மடோனா, கோர்ட்னி லவ், டீனா டர்னர் மூவரும் ஒரே அட்டையில். தனித்தனியாகப் போட்டால் மூன்று அட்டை செலவாகும். முப்பது ஆண்டுக்குச் சேர்ந்த மரியாதையை ஓர் அட்டையில் கொடுத்து முடித்தார்கள்.

அட்டையின் சின்ன விதிகளில் உள்ள நுட்பமும் என்னை வியக்க வைப்பதுதான். கடைத்தட்டில் இதழ்கள் ஒன்றை ஒன்று மறைத்து அடுக்கியிருக்கும், இடது ஓரம் மட்டுமே வெளியே தெரியும். அதனால் பெயரும் முக்கியச் செய்தியும் இடது பக்கம். யார் தலை இதழின் பெயரை மறைக்கிறதோ அவர் பெரியவர். பெயருக்குக் கீழே அடங்கி நிற்பவர் இன்னும் வளர வேண்டியவர். அடியில் மற்றக் குழுக்களின் பெயர்ப் பட்டியல், எழுத்தின் உயரமே தரவரிசை. படிநிலைகளை ஏற்காத இசைக்கு இவ்வளவு துல்லியமான படிநிலை அமைந்தது.

பழசைப் போற்றுவதில் மோஜோ இதழை மிஞ்ச முடியாது. 1967 நவம்பரில் ரோலிங் ஸ்டோனின் முதல் இதழ் அட்டையில் ஜான் லெனன் இருந்தார். 1993 நவம்பரில் மோஜோவின் முதல் இதழ் அட்டையில் மறுபடி ஜான் லெனன், பக்கத்தில் பாப் டிலன். லெனன் இறந்து அப்போது ஏறக்குறைய பதின்மூன்று ஆண்டு ஆகியிருந்தது.

கடைசியாக ஒரு சிக்கனம். அதைப் பற்றிப் பேசாமல் இந்த இதழ்களைப் பாராட்டியதாக ஆகாது. 1980களில் நியூயார்க்கிலிருந்து ஹிப்ஹாப் லண்டனுக்கு வந்தது. அதற்கு எவ்வளவு இடம் தருவது என்று என்எம்இ அலுவலகத்துக்குள்ளேயே இரண்டு அணிகள் பிரிந்து ஆண்டுக்கணக்கில் சண்டை போட்டன. ஒரு பக்கம் ஹிப்ஹாப்பும் சோல் இசையும், இன்னொரு பக்கம் கிட்டார். 1986இல் என்எம்இ ‘சி86’ என்று 22 குழுக்களின் கேசட் ஒன்றை வெளியிட்டது. கிட்டார் குழுக்களின் கேசட். அந்தப் பெயரே ஓர் இசை வகையின் பெயராக நின்றுவிட்டது. 1987இல் என்எம்இ எழுத்தாளர்கள் ஆண்டின் சிறந்த ஆல்பமாகத் தேர்ந்தெடுத்தது பப்ளிக் எனிமி குழுவின் ஆல்பம். 1988இலும் அதே குழுவின் அடுத்த ஆல்பம். இரண்டு ஆண்டு தொடர்ந்து, அந்த இதழின் சொந்தக் காதுகள், லாங் ஐலண்டிலிருந்து வந்த கறுப்பின இளைஞர்களின் இசையே உலகில் சிறந்தது என்று சொல்லின. காது சொன்னதைக் கண் கேட்டு மயங்கிவிடவில்லை. கறுப்பு முகம் அட்டையில் வந்தால் விற்காது என்பது கடைக்காரர் கணக்கு. அந்தக் கணக்கை மதித்து, அடுத்த இருபது ஆண்டுக்கும் மேலாக, அட்டையைப் பெரும்பாலும் கிட்டார் வைத்திருந்த வெள்ளை இளைஞர்களுக்கே பத்திரப்படுத்தி வைத்தார்கள். உள்ளே பாராட்டு, வெளியே சுவர். நல்ல விமர்சனம் எழுதுகிறவர்களுக்கும் நல்ல அட்டை போடுகிறவர்களுக்கும் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளியை அவர்கள் ஒருநாளும் மறக்கவில்லை.

விற்பனையைக் காக்க எடுத்த முயற்சி இது. 1964இல் வாரம் 3 லட்சத்துக்கு மேல் விற்ற இதழ் என்எம்இ. இவ்வளவு கவனமாகக் காத்தும் 2014 வாக்கில் அது 15 ஆயிரத்தை ஒட்டி வந்து நின்றது. 2018 மார்ச்சில் வாராந்தர அச்சுப் பதிப்பே நின்றுபோனது. இடையில் இரண்டரை ஆண்டு அதை இலவசமாகக் கொடுத்தார்கள். 2015 செப்டம்பரில் விலையை எடுத்துவிட்டு, 3 லட்சம் பிரதி அச்சடித்து, ரயில் நிலையங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் விநியோகித்தார்கள். எது விற்கும், எது விற்காது என்று கடைக்காரரிடம் கேட்க வேண்டிய அவசியம் அந்த வாரத்தோடு தீர்ந்தது. முதல் இலவச இதழின் அட்டைக்கு ரிஹானாவைத் தேர்ந்தெடுத்தார்கள்.